கையைப் பிடிக்கும் முன்

ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பரிதாபத்துக்கோ சிரிப்புக்கோ பயன்படுத்தாத தமிழ்ப் படங்கள் மிகக் குறைவு. ஜி.என்.ஆர். குமாரவேலன் இயக்கி 2013இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' அவற்றில் ஒன்று. சிறுவன் ஹரியை அது சாதாரணப் பள்ளியில், மற்றப் பிள்ளைகளோடு உட்காரவைத்தது. ஓர் அப்பா குழந்தை வளர்க்கக் கற்றுக்கொள்வதைப் பொறுமையாகக் காட்டியது. அந்த நன்றியோடுதான் அதன்மேல் எனக்குள்ள புகாரையும் எழுதுகிறேன். ஹரி ஓடுகிறான், அதனால் மதிக்கப்படுகிறான். ஓட்டத்தை அப்பா கண்டுபிடிக்கிறார், பயிற்சி வருகிறது, பந்தயம் வருகிறது, நாம் கைதட்டுகிறோம். ஓட்டமோ பாட்டோ கணக்கோ எதுவும் தனியாக வராத ஒரு ஹரிக்கு அந்தக் கதையில் என்ன இடம்?

படத்தின் பெண்களையும் பாருங்கள். பெற்றவள் பிரசவத்திலேயே இறந்துவிடுகிறாள். வளர்த்த பாட்டியும் போய்விடுகிறாள். மிஞ்சுகிற அன்புக்கு ஆசிரியை அமுதவல்லி வருகிறாள். பிள்ளையின் திறமையைக் கண்டெடுத்த பெருமை அப்பாவுக்கு. அவனைக் குளிப்பாட்டி, ஊட்டி, இரவெல்லாம் விழித்திருந்த வருடங்கள் பாட்டியோடு கதைக்கு வெளியே போய்விடுகின்றன.

இது சினிமாவோடு முடிகிற விஷயமில்லை. 'குறையைப் பார்க்காதீர்கள், திறமையைப் பாருங்கள்' என்பது இன்று சிகிச்சை மையங்களும் சொல்லும் வாசகம். நல்ல வாசகம்தான். பல ஆண்டுகளாக 'இது வராது, அது தெரியாது' என்ற பட்டியலையே கையில் வாங்கிவந்த அம்மாக்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் எது திறமை, யாருக்குப் பயன்படும் திறமை என்று கேட்காமல் அதை ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை. நான் விருதுநகர் மாவட்டத்தவள். குழந்தையின் கையைப் பயனால் அளந்த வரலாறு எங்களுக்கு உண்டு.

சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் அந்த வரலாற்றைப் பதிவுசெய்தது. விடியுமுன்னே கிராமங்களுக்குப் பேருந்து அனுப்பி, தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆபீசுக்கும் ஏற்றிவந்த காலம் அது. சின்ன விரல்தான் குச்சியை வேகமாக அடுக்கும் என்று அதற்கு நியாயமும் சொன்னார்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், ஆபத்தான தொழிலில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்தவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. கவனியுங்கள், 'சின்ன விரலின் வேகம்' என்பதும் திறமையைப் புகழும் பேச்சுத்தான்.

இப்போது ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்வோம். காலித் தீப்பெட்டிகளை மணிக்கணக்கில் வரிசையாக அடுக்குகிறாள். பழைய பார்வை இதைக் கோளாறு என்று சொல்லிப் பெட்டிகளைப் பிடுங்கும். புதிய பார்வை என்று சொல்லிக்கொள்வது, 'ஆஹா, அடுக்குவதில் எத்தனை கவனம்! பிற்காலத்தில் பேக்கிங் வேலைக்கு ஆகுமே' என்று மகிழும். இரண்டுக்கும் நடுவில் ஒருத்தி அவள் அருகே தரையில் உட்காருகிறாள். தானும் நாலு பெட்டிகளை எடுத்து வைத்துப் பார்க்கிறாள். நிறத்துக்காக அடுக்குகிறாளா, பெட்டி உரசும் ஓசைக்காகவா, வீட்டின் இரைச்சலிலிருந்து ஒதுங்கவா என்று கவனிக்கிறாள். பிள்ளை ஒரு பெட்டியை இவள் பக்கம் நகர்த்தினால் அன்றைய வேலை நடந்துவிட்டது. மரியாதையான சிகிச்சை என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆக்குபேஷனல் தெரபி என்பதைத் தொழில்வழிச் சிகிச்சை என்று மொழிபெயர்ப்பதுண்டு. எங்கள் பக்கம் அந்தச் சொல்லைக் கேட்டால் வேலை பழக்கும் இடம் என்றே தோன்றும். உண்மையில் அது சாப்பிடுவது, உடுத்துவது, விளையாடுவது, எழுதுவது, தூங்குவது என்று ஒருவருடைய நாளை நிரப்பும் செயல்களைப் பற்றியது. குழந்தைக்கு விளையாட்டே தொழில். அமெரிக்கச் சிகிச்சையாளர் ஏ. ஜீன் ஏயர்ஸ், தொடுகை, ஓசை, உடலின் சமநிலை ஆகியவற்றை மூளை ஒருங்கிணைக்கும் விதம் குறித்து 1972இல் புத்தகமே எழுதினார். அவருடைய கோட்பாடு முழுவதையும் எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை. ஆனாலும் 'அடம்' என்று பெயர் வாங்கிய பல நடத்தைகளுக்குப் பின்னால் உடம்பு படும் பாடு இருக்கலாம் என்று பார்க்கப் பழக்கியதில் அவர் பங்கு பெரிது. புலன்கள் மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு சேர்த்துக்கொண்டது 2013இல், 'ஹரிதாஸ்' வந்த அதே ஆண்டில்.

சிவகாசி வட்டாரத்தில் இதற்கு ஒரு தனிக் கனம் உண்டு. ஆட்டிசம் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் ஓசை ஒன்றுபோல் உறைப்பதில்லை. உறைக்கும் பிள்ளைக்கு ஒரு சரவெடி போதும், காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடும். அந்த வெடிக்குத் திரி வைத்தவள் அதன் அம்மாவாகவே இருக்கலாம். வீட்டு அடுப்பு எரிவதும் பிள்ளையின் காது நோவதும் ஒரே பொருளால். அந்த அம்மாவிடம் 'தீபாவளிக்கு அமைதியான இடத்துக்கு அழைத்துப்போங்கள்' என்று சொல்வது எளிது. எந்த இடத்துக்கு, யார் காசில்?

அம்மாவைக் குற்றவாளியாக்கும் வழக்கம் இந்தத் துறைக்குப் பழையது. பாசமில்லாத தாயால்தான் ஆட்டிசம் வருகிறது என்ற கருத்தை புரூனோ பெட்டல்ஹெய்ம் 1967இல் ஒரு புத்தகம் எழுதிப் பரப்பினார். அது தவறு என்று அறிவியல் ஒதுக்கிவிட்டது. பழி மட்டும் உருமாறி நிற்கிறது. வீட்டில் தினமும் செய்யவேண்டிய பயிற்சிகளை நோட்டில் எழுதித் தருகிறார்கள். அடுத்த வாரம் 'செய்தீங்களாம்மா?' என்று கேட்கிறார்கள். அப்பாவிடம் அந்தக் கேள்வி அநேகமாகப் போவதில்லை. செய்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவளுக்கு மையத்தில் காத்திருக்கும் அரை நாள் என்பது அரை நாள் கூலி. ஹரியின் அப்பா அரசுச் சம்பளம் வாங்கும் காவல் அதிகாரி என்பதை இங்கே நினைவில் வைக்கவேண்டும். பிள்ளையின் பலத்தைப் பார்க்கிற சிகிச்சை அம்மாவின் அசதியையும் பார்க்கவேண்டும். தலை துவட்டும்போது, தோசைமாவு கலக்கும்போது, தண்ணீர்க் குடத்தைச் சேர்ந்து தூக்கும்போது நடக்கக்கூடியதைத் தனிப் பயிற்சியாக்கி அவள் தலையில் இன்னொரு ஷிப்ட்டை ஏற்றக் கூடாது.

கடைசியாக ஒன்று, எனக்கு முக்கியமானது. ஹரி பையன். நம் கதைகளில் ஆட்டிசம் பெரும்பாலும் பையனுக்கே வருகிறது. யாரோடும் பேசாமல் மூலையில் இருக்கும் பெண் பிள்ளைக்கு 'அடக்கமான பொண்ணு' என்ற பாராட்டுக் கிடைத்துவிடுவதால், அவளுக்கு உதவி தேவை என்பதே தாமதமாகத்தான் தெரிகிறது. தெரிந்த பிறகு நடப்பது என்ன? 'என் கண்ணைப் பார்' என்று முகவாயைத் திருப்புகிறார்கள். கையை உதறினால் பிடித்து மடியில் அழுத்துகிறார்கள். வேண்டாம் என்று தள்ளினால், தள்ளுவதை நிறுத்தும்வரை பயிற்சி. சொன்னபடி கேட்டால் மிட்டாய். பெரியவர் கை தன்மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம், மறுத்தால் தப்பு என்று ஒரு பெண் குழந்தைக்கு நாமே கூலி கொடுத்துக் கற்பிக்கிறோம். வாயால் சொல்லத் தெரியாத பிள்ளைக்குத் தள்ளிவிடுவதும் திரும்பிக்கொள்வதும்தான் 'வேண்டாம்'. அந்த 'வேண்டாம்' அவளுடைய பலங்களில் முதலாவது. அதைக் கரைத்துவிட்டு வேறு எந்தத் திறமையை வளர்த்தாலும் அவளை ஆபத்தில்தான் விடுகிறோம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஆட்டிசத்தை 21 வகைகளில் ஒன்றாகப் பட்டியலிட்டு, கண்ணியத்தோடு வாழ்வதை உரிமை என்கிறது. பந்தயத்தில் ஜெயித்தால் என்று நிபந்தனை போடவில்லை. எனவே சிகிச்சை மையத்துக்குப் போகும் தோழிகள் 'இவள் எதில் கெட்டிக்காரி?' என்பதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: 'இவள் வேண்டாம் என்றால் இங்கே என்ன செய்வீர்கள்?' பதில் சொல்லும் முகத்தைப் பார்த்தாலே அது எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்துவிடும்.