மூச்சோடு சுருங்கும் சிரை

சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் உள்ளறையில் நின்று வாயை மூடி 'ம்' என்று முனகினால், பாறை அதைப் பெருக்கித் திருப்பித் தரும். கேட்பதில் பாதி அறையின் வாகு, பாதி நம் மூச்சு. குழந்தையின் கட்டிலருகே வைத்துப் பார்க்கும் ஸ்கேனும் எதிரொலிதான். அங்கேயும் இந்தக் கலப்பு உண்டு.

டெங்கு முற்றிக் கைகால் சில்லிட்ட பிள்ளைக்குச் சலைனைக் கூட்டுவதா, குறைப்பதா? நெஞ்சுக்குழிக்குக் கீழே புரோபை வைத்தால் கல்லீரலை ஒட்டிக் கீழ்ப்பெருஞ்சிரை தெரியும். பிள்ளை தானாக மூச்சை இழுக்கும்போது அது சுருங்கும். வென்டிலேட்டர் காற்றைத் தள்ளும்போதோ விரியும். சுருக்கம் அதிகமென்றால் ரத்தநாளத்தில் நீர் குறைவு என்பது கணக்கு. ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. அரைமணிக்கொரு தடவை பார்க்கலாம்.

கேள்வி சின்னதல்ல. கென்யா, உகாண்டா, தான்சானியாவில் 3,141 குழந்தைகளிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், வேகமாகத் திரவம் ஏற்றியவர்களிடையேதான் சாவு கூடுதல்: 48 மணி நேரத்தில் 10.5 சதவீதம், அப்படி ஏற்றாதவர்களிடம் 7.3.

ஆனால் ஜெல் சில்லென்று வயிற்றில் பட்டதுமே பிள்ளை வீறிடும். வீறிடலில் சிரை ஒரு நொடி ஒட்டிக்கொள்ளும், மறுநொடி உப்பும். அளந்தது அழுகையை, கேஸ் ஷீட்டில் ஏறுவது நீர்க்குறைவு. நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கும் சிரை சுருங்கத்தான் செய்யும். சிரையின் மாற்றத்துக்கு 12, 18 சதவீதம் என்று சொல்லப்படும் எல்லைகளோ 2004-இல் வென்டிலேட்டரில் இருந்த பெரியவர்களிடம் எடுத்தவை. குழந்தைகள் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2013-இல் வந்த மதிப்பீட்டில், திரவம் பலன் தருமா என்று கணிக்க நம்பத்தக்கதாகத் தேறியது, மூச்சுக்கேற்ப மகாதமனியில் மாறும் ரத்த வேகம் மட்டுமே.

எனவே இந்தச் சிரைப் படத்தை ஆக்ஸிலரேட்டராக அல்ல, பிரேக்காகவே நம்புவேன். சிரை பருத்து அசையாமல் கிடக்கிறது, கல்லீரலும் கீழிறங்குகிறது என்றால் பாட்டிலை மெதுவாக்கலாம். சுருங்கும் சிரையை மட்டும் பார்த்துவிட்டு இன்னொரு பாட்டில் தொங்கவிடுவது கண்மூடித்தனம்.

இன்னொன்று. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்க வந்த 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளால், கையில் தூக்கும் ஸ்கேனைக்கூட நினைத்த இடத்துக்கு எடுத்துப்போக முடியாது. காரணம் நியாயமானதுதான். ஆனால் சித்தன்னவாசலை அடுத்த அன்னவாசல் பக்கத்துப் பிள்ளைக்கு, புதுக்கோட்டை மருத்துவமனை போய்ச் சேரும்வரை துணை விரல்தான். விலாவுக்குக் கீழே கல்லீரல் விளிம்பைத் தடவிப் பார்த்து, பேனாவால் ஒரு கோடு போட்டு அனுப்பினால் போதும். அங்கே பிள்ளையை வாங்குகிற டாக்டர், விளிம்பு அந்தக் கோட்டுக்கு மேலா கீழா என்று முதலில் பார்ப்பார்.