காவிரிப் பாலத்தில் ஏறும் சர்க்கரை

ஸ்ரீரங்கத்தில் பூனையைக் கூடையில் வைத்து ஆட்டோவில் ஏற்றி, மாம்பழச்சாலையைத் தாண்டி, காவிரிப் பாலம் கடந்து, சத்திரம் பேருந்து நிலையத்து ஹாரன் சத்தத்துக்குள் நுழைவதற்குள் அதன் ரத்தச் சர்க்கரை எகிறிவிடுகிறது. பயந்த பூனையின் உடலில் அட்ரினலின் பாய்கிறது. கல்லீரல் தன் கையிருப்பிலுள்ள குளுக்கோஸை ரத்தத்தில் கொட்டுகிறது. சர்க்கரை நோயே இல்லாத பூனைகூட மருத்துவமனை மேசையில் 300 மி.கி. வரை காட்டுவதுண்டு. நோய் உள்ள பூனையிடம் அந்த எண்ணை மட்டும் நம்பி இன்சுலினைக் கூட்டினால், வீடு திரும்பி அமைதியான பிறகு சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும்.

அதனால், சுகர் என்று உறுதியான பூனைக்கு அளவு பார்க்கச் சரியான இடம் அது வழக்கமாகப் படுத்துறங்கும் மூலைதான். அங்கே வைத்துப் பார்க்க எந்தக் கருவி உதவும் என்பதே கேள்வி.

பூனைகளுக்கு வருவது பெரும்பாலும் மனிதர்களின் இரண்டாம் வகை நீரிழிவைப் போன்றது. 200 பூனைகளில் ஒன்றுக்கு வரலாம் என்பது பிரிட்டன் கணக்கு. ஏழு வயதைத் தாண்டிய, எடை கூடிய, கருத்தடை செய்த ஆண் பூனைகளுக்கு வாய்ப்பு அதிகம். தண்ணீர்க் கிண்ணம் அடிக்கடி காலியாகும், மணல் தட்டு நனைந்து கட்டியாகும், நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைக்கும். முற்றிய நிலையில் பின்னங்கால் குதிகாலைத் தரையில் பதித்து நடக்கும். மேசையில் எடுத்த ஒற்றை எண்ணை வைத்து முடிவு கட்டாமல், சில வாரச் சராசரியைச் சொல்லும் ஃப்ரக்டோசமின் பரிசோதனையையும் கால்நடை மருத்துவர் எழுதுவது இந்தப் பயக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான்.

முதல் கருவி, தில்லை நகரிலும் தெற்கு வாசலிலும் எந்த மெடிக்கலிலும் கிடைக்கும் சாதாரண குளுக்கோமீட்டர். அது மனித ரத்தத்துக்குச் செய்யப்பட்டது. மனித ரத்தத்தில் குளுக்கோஸின் 58 சதவீதம் பிளாஸ்மாவிலும் 42 சதவீதம் சிவப்பணுக்களிலும் இருக்கிறது. பூனை ரத்தத்தில் 93 சதவீதம் பிளாஸ்மாவிலேயே. ஆகவே மனித மீட்டர் பூனையிடம் பெரும்பாலும் குறைத்தே காட்டும். மீட்டர் 70 என்றால் உண்மை அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். தாழ்சர்க்கரையை அஞ்சுபவருக்கு இந்தப் பிழை ஓரளவு பாதுகாப்பான பக்கத்தில் விழுகிறது. ஆனால் எவ்வளவு குறைக்கும் என்பது மீட்டருக்கு மீட்டர் மாறும். எனவே ஒரே மீட்டரை விடாமல் வைத்துக்கொண்டு, எண்ணின் ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பதே முறை. நாய்க்கும் பூனைக்கும் என்றே அளவுத்திருத்தம் செய்த ஆல்ஃபாட்ராக் மீட்டர் இதைவிடத் துல்லியமானது, 0.3 மைக்ரோலிட்டர் ரத்தமே அதற்குப் போதும். ஆனால் திருச்சியில் ஸ்ட்ரிப் தீர்ந்த இரவில் அதற்கு எங்கே போவது? தடையில்லாமல் ஸ்ட்ரிப் கிடைக்காத மீட்டர், எவ்வளவு நல்லதானாலும் மேசை அலங்காரம்தான்.

மெடிக்கல் மீட்டர்களுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. அக்யு-செக் ஆக்டிவ் 1 முதல் 2 மைக்ரோலிட்டர் கேட்கும். மனித விரலுக்கு அது பொருட்டல்ல. பூனைக் காதுக்கு அது பெரிய சொட்டு. கான்டூர் பிளஸ், அக்யு-செக் இன்ஸ்டன்ட் இரண்டுக்கும் 0.6 போதும். கான்டூர் பிளஸ்ஸில் இன்னொரு வசதி: முதல் சொட்டு போதவில்லை என்றால் அரை நிமிடத்துக்குள் அதே ஸ்ட்ரிப்பில் இன்னும் கொஞ்சம் ரத்தம் சேர்க்கலாம். தலையை உதறும் பூனையிடம் இந்த ஒரு வசதி எத்தனையோ ஸ்ட்ரிப்பைக் காப்பாற்றும். ஸ்ட்ரிப் ஒன்று 20 ரூபாயை ஒட்டி வரும்போது அது சின்ன விஷயமில்லை.

குத்த வேண்டிய இடம் காதின் வெளி ஓரம். அங்கே ஓடும் சன்னமான ரத்த நாளத்துக்கும் காது விளிம்புக்கும் நடுவே குத்தினால் போதும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் காதில் கொஞ்ச நேரம் வைத்தால் ரத்தம் இறங்கி வரும். மெல்லிசான 33 கேஜ் லான்செட் வலிக்காது, ஆனால் தொடக்கத்தில் ரத்தமும் வராது. 28 கேஜ் தோதானது. சொடுக்கும் பேனா சத்தத்துக்குப் பூனை மிரளும் என்றால், வெறும் லான்செட்டைக் கையில் பிடித்தே குத்தலாம். குத்தி முடித்ததும் ஒரு துண்டு வேகவைத்த கோழி. சில நாளில் மீட்டர் டப்பா திறக்கும் சத்தம் கேட்டுப் பூனையே வந்து உட்காரும்.

இரண்டாவது கருவி ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சார். மனிதக் கைக்காக அபாட் நிறுவனம் செய்தது. பூனைக்கு ஒட்டுவது மருத்துவரின் பொறுப்பில் நடக்கும் மாற்றுப் பயன்பாடு. கழுத்தின் பின்புறமோ விலாப் பக்கமோ முடியை மழித்து, தோல் பசையோடு ஒட்டுவார்கள். ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய வில்லை. ஒட்டி ஒரு மணி நேரம் கழித்து, போனை அருகில் காட்டினால் எண் வரும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு, கணக்குக்கு 14 நாள். பூனை சொறிந்து அதற்கு முன்பே பிய்த்துவிடுவது சகஜம்.

இதன் பலம் வளைகோடு. காலை ஊசிக்குப் பிறகு சர்க்கரை எப்போது அடிமட்டத்தைத் தொடுகிறது, இரவு இரண்டு மணிக்கு எங்கே நிற்கிறது என்பதைக் காதில் ஒரு குத்தும் இல்லாமல் காட்டுகிறது. பலவீனம் மூன்று. நினைவகம் 8 மணி நேரம்தான். வேலைக்குப் போய்த் தாமதமாக வந்தால் நடுவில் உள்ள பதிவு அழிந்துவிடும். 40-க்குக் கீழே எண் தராது, 'லோ' என்று மட்டும் வரும். சென்சார் அழுந்தும்படி பூனை படுத்தாலும் பொய்யாக இறங்கிக் காட்டும். ஆகவே 'லோ' வந்ததும் முதலில் பூனையைப் பாருங்கள்; தெம்பாக இருந்தால் காதில் குத்தி உறுதிசெய்யுங்கள். தள்ளாடினால், துவண்டால், ஈறில் தேனோ குளுக்கோஸ் கரைசலோ தடவிவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள். சில ஆயிரம் ரூபாய்க்கு இவ்வளவு தகவல் நியாயமான விலைதான், ஆனால் மாதாமாதம் தேவையில்லை.

மூன்றாவது கருவியைப் பற்றி யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. உயிரைப் பறிக்கக் கூடியது அதுதான்: சிரிஞ்சு. நம் மெடிக்கலில் சிவப்பு மூடி சிரிஞ்சு மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கு, ஆரஞ்சு மூடி மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினுக்கு. பூனைகளுக்கு அதிகம் எழுதப்படும் கிளார்ஜின் இன்சுலின் 100 யூனிட் வகை. அதைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு கோடு இழுத்தால் உள்ளே போவது 2.5 யூனிட். நாலு கிலோ உயிருக்கு அது தாங்காது. மாலை வெளிச்சத்தில் இரண்டு மூடியும் ஏறக்குறைய ஒரே நிறமாகத் தெரியும். மூடியை நம்பாமல் குழாயில் அச்சிட்ட எண்ணைப் படியுங்கள். இன்சுலினை 10 மில்லி குப்பியாக வாங்கினால் 1,000 யூனிட். பூனைக்கு 3 மில்லி கார்ட்ரிட்ஜே ஏராளம்.

மே மாதத் திருச்சியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். வீட்டுக்குள்ளும் 30-க்கு மேல்தான். இன்சுலினும் ஸ்ட்ரிப்பும் அந்தச் சூட்டுக்குச் செய்யப்பட்டவை அல்ல. இன்சுலின் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கட்டும். ஃப்ரீசருக்கு ஒட்டிய தட்டில் வேண்டாம், உறைந்தால் பயனில்லை. ஸ்ட்ரிப் டப்பாவை உடனுக்குடன் மூடி, வீட்டின் குளிர்ந்த அறையில் வையுங்கள்.

எந்தக் கருவியும் தயிர்சாதத்தை வெல்லாது. ஸ்ரீரங்கத்து வீடுகளில் பூனைக்குப் பால்சோறும் தயிர்சாதமும் வைப்பது அன்பால்தான். ஆனால் பூனை முழு மாமிச உண்ணி, சோற்று மாவுச்சத்தைக் கையாளும் திறன் அதற்குக் குறைவு. உறையூர் காசிவிளங்கி மார்க்கெட் மீனோ கோழியோ வேகவைத்துக் கொடுக்கலாம்; ஆனால் அது மட்டும் முழு உணவாகாது. மாவுச்சத்து குறைந்த ஈர உணவை மருத்துவரிடம் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். மாமிசம் சமைக்காத வீடுகளுக்கு அந்த ஈர உணவுப் பாக்கெட்டே நல்ல வழி. உணவை மாற்றும்போது இன்சுலின் தேவை சடாரென்று குறையும் என்பதால், அந்த நாட்களில் மீட்டரை ஓயவிடக் கூடாது.

வீட்டிலேயே அளப்பதால் என்ன கிடைக்கிறது? கிர்ஸ்டன் ரூம்ப், ஜாக்கி ராண்ட் இருவரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், வீட்டில் அடிக்கடி அளந்து கிளார்ஜின் கொடுத்த 55 பூனைகளில் 64 சதவீதம் இன்சுலினே தேவைப்படாத நிலைக்கு வந்தன. நோய் தெரிந்த ஆறு மாதத்துக்குள் இப்படித் தொடங்கியவற்றில் அது 84 சதவீதம்.

முடிவு இது. முதலில் குறைந்த ரத்தம் கேட்கும் ஒரு மெடிக்கல் மீட்டர், 28 கேஜ் லான்செட், இன்சுலினுக்குப் பொருந்தும் சிரிஞ்சு. கூடவே சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் ஒரு ஸ்ட்ரிப் டப்பா. கீட்டோன் தெரிந்தால் அன்றே மருத்துவமனை. சென்சார், அளவு ஓரளவு நிலைப்பட்ட பிறகு ஒரே ஒரு முறை. காதைத் தொடவே விடாத பூனைக்கு மட்டும் முதலிலேயே. வாங்கும் முன் ஒரு வேலை இருக்கிறது: எந்த எண்ணுக்குக் கீழே ஊசி போடக்கூடாது என்று மருத்துவரிடம் கேட்டு, அதை ஃப்ரிட்ஜ் கதவில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.