மூன்று முறை முயன்று நிற்கும் பொறி

நூல் மதிப்புரை

ஹேக்கிங் தி எக்ஸ்பாக்ஸ்: பின்னோக்கிய பொறியியலுக்கு ஓர் அறிமுகம். ஆசிரியர்: ஆண்ட்ரூ ஹுவாங். வெளியீடு: நோ ஸ்டார்ச் பிரஸ், அமெரிக்கா, 2003. மொழி: ஆங்கிலம்.

விளையாட்டுப் பொறி ஒன்றைத் திறந்து, அதனுள் புதிய சில்லு ஒன்றைப் பற்றவைத்து, மூடியை மாட்டிப் பொத்தானை அழுத்துகிறார் ஒருவர். பொத்தானைச் சுற்றியுள்ள வளைய விளக்கு பச்சையாக ஒளிர்ந்து அணைகிறது. தானே மீண்டும் ஒளிர்ந்து அணைகிறது. மூன்றாம் முறையும் அவ்வாறே. பிறகு சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி மின்னத் தொடங்குகிறது. திரையில் படம் இல்லை. அவர் என்ன செய்வார்? பெரும்பாலோர் முதலில் வன்தட்டை மாற்றுவர். பிறகு சில்லை மாற்றுவர். பிறகு பொறியையே மூலையில் போடுவர். காரணத்தைத் தேடாமல் உறுப்புகளை மாற்றிக்கொண்டே போகும் இப்பழக்கத்திற்கு மாற்று என்ன என்பதை அறிய விரும்புவோர் படிக்க வேண்டிய நூல் இது.

நூல் வெளிவந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. அது பேசும் எக்ஸ்பாக்ஸ் பொறியின் உற்பத்தி நின்றும் நெடுங்காலம் ஆயிற்று. எனினும் அப்பொறிகளைப் பழுது பார்த்து ஓட்டுவோர் இன்னும் இருக்கின்றனர். பொறி பழையதாகலாம், பழுது தேடும் முறை பழையதாவதில்லை. ஆகவே இப்போதும் இதனை மதிப்பிடுவதில் பயனுண்டு.

முதலில் பொறியைப் பற்றி இரண்டு சொல். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2001 நவம்பரில் அமெரிக்காவில் எக்ஸ்பாக்ஸை வெளியிட்டது. உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரு கணிப்பொறியே: 733 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள இன்டெல் செயலி, 64 மெகாபைட் நினைவகம், வன்தட்டு, டிவிடி இயக்கி. ஆனால் கணிப்பொறியைப் போல் நாம் தரும் எந்தச் செயல்நிரலையும் அது ஏற்பதில்லை. நிறுவனத்தின் மின்முத்திரை பெற்றவற்றை மட்டுமே ஏற்கும். லினக்ஸ் போன்ற வேறு நிரல்களை அதில் ஓட்ட விரும்பியோர், பொறியின் தொடக்க ஆணைகளையே மாற்ற வேண்டியிருந்தது. இவ்வாறு மாற்றப்பட்ட பொறிகளில்தான் நாம் மேலே கண்ட மூன்று மின்னல்கள் அடிக்கடி தோன்றும்.

நூலாசிரியர் ஹுவாங் அப்போது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். பொறி எந்த ஆணையைக் கொண்டு உயிர் பெறுகிறது என்று அவர் தேடிய கதையே நூலின் நடுப்பகுதி. அட்டையிலிருந்த நினைவகச் சில்லை அவர் படியெடுத்தார். அதில் தொடக்க ஆணைகள் போலத் தோன்றிய ஒரு பகுதி இருந்தது. ஆனால் அவ்வாணைகளின்படி கணக்கிட்டுப் பார்த்தால் பொருளற்ற எண்களே கிடைத்தன. அப்பகுதியை மாற்றி எழுதிப் பார்த்தார். பொறி எந்தக் குறையுமின்றித் தொடங்கியது! அப்படியானால் உண்மையான ஆணைகள் வேறெங்கோ இருக்கின்றன என்பது தெளிவாயிற்று. அவை 512 பைட் அளவில் மற்றொரு சில்லினுள்ளே மறைக்கப்பட்டிருந்தன. அவை செயலியை அடையும் வழியில் இரு சில்லுகளுக்கிடையே உள்ள கம்பித் தடத்தில் வெளிப்பட்டே ஆக வேண்டும். வினாடிக்கு 40 கோடி பைட்டுகள் ஓடும் அத்தடத்தின்மேல் தாமே செய்த ஒட்டுக்கேட்கும் அட்டை ஒன்றைப் பொருத்தி, 2002-இல் அவற்றைப் படித்தார். சங்கேதத்தின் திறவுகோலும் அதில் கிடைத்தது.

இப்பகுதி துப்பறியும் கதைபோல் விறுவிறுப்பாகச் செல்கிறது. ஆனால் மாணவர்கள் கவனிக்க வேண்டியது வெற்றியை அன்று. ஆசிரியர் தம் முதற் கருத்தைக் கைவிட்ட இடத்தை. "இது இங்கே இருக்கிறது என்றால், இதை மாற்றினால் பொறி நிற்க வேண்டும், நிற்கவில்லை, ஆகவே இங்கே இல்லை" என்ற அந்த ஒரு படிதான் நூலின் உயிர்நாடி.

இங்கேதான் நமக்கு நூலின்மேல் ஒரு குறையும் உண்டு. விளக்கு மாற்றுதல், பழுதான மின்வழங்கியை மாற்றுதல் போன்ற கைவேலைகள் நூலின் தொடக்கத்திலேயே வருகின்றன. இரகசிய வேட்டை நடுவில் வருகிறது. பழுது தேடும் முறையோ இறுதியில், பிற்சேர்க்கைகளுள் ஒன்றாக ஒதுங்கி நிற்கிறது. பதறாமல் இருத்தல், அமைப்பை முழுதாக அறிதல், அறிகுறிகளைக் கூர்ந்து நோக்குதல் ஆகிய அறிவுரைகள் அங்கே இருக்கின்றன. இவை முதல் அத்தியாயத்தில் இருந்திருக்க வேண்டியவை. வேட்டையில் இறங்கும் வாசகர் ஆயிரத்தில் ஒருவர். பற்றவைத்த பின் பொறி தொடங்காமல் விழிப்பவரோ பலர்.

அந்தப் பிற்சேர்க்கையின் மனப்பாங்கை நம் மூன்று மின்னல்களுக்குப் பொருத்திப் பார்ப்போம். பொறியினுள் சிறு கட்டுப்பாட்டுச் சில்லு ஒன்று இருக்கிறது. மின்சாரத்தை இயக்கிவிட்டு, செயலி விழித்து விடை சொல்கிறதா என்று அது காத்திருக்கும். குறித்த சிறு பொழுதுக்குள் விடை வராவிட்டால் அனைத்தையும் நிறுத்தி மறுபடி தொடங்கும். மூன்று முறையும் விடை வராவிட்டால் சிவப்பு-பச்சை விளக்கைக் காட்டும். எனவே அவ்விளக்கின் பொருள் "வன்தட்டு கெட்டது" என்பதன்று. "செயலி தன் முதல் ஆணைகளைச் சரியாக ஓட்டவில்லை" என்பதே. வன்தட்டை மாற்றுவது அந்நிலையில் வீண் செலவு.

அடுத்த கேள்வி: முதல் ஆணைகள் எங்கிருந்து வருகின்றன? மாற்றப்பட்ட பொறியில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அட்டையிலுள்ள மூல நினைவகம். மற்றொன்று, தொழிற்சாலைச் சோதனைக்காக விடப்பட்ட முனைகளில் நாம் சேர்த்த புதுச் சில்லு. மூல நினைவகத்தின் டி-0 என்னும் கம்பி, மின்சாரம் தொடங்கும்போது தரைமுனையோடு இணைந்திருந்தால், பொறி புதுச் சில்லை நாடும். ஆகவே புதுச் சில்லைக் கழற்றி, டி-0 கம்பியின் தரையிணைப்பையும் நீக்கிவிட்டுப் பொத்தானை அழுத்துக. இப்போது பொறி தொடங்கினால் அட்டை நலமே; குற்றம் சில்லிலோ நம் ஈயப்பற்றிலோ இருக்கிறது. தொடங்காவிட்டால் மின்வழங்கி, அறுந்த தடம், இரு முனைகளை இணைத்துவிட்ட ஈயத்துளி ஆகியவற்றைத் தேட வேண்டும். ஒரே சோதனையில் பாதி ஐயங்கள் நீங்கிவிடுகின்றன.

திரையில் எண் தோன்றும் பழுதுகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். எக்ஸ்பாக்ஸின் வன்தட்டு கடவுச்சொல்லால் பூட்டப்பட்டது. மூல ஆணைகள், பூட்டில்லாத தட்டைக் கண்டால் 05 என்ற எண்ணைக் காட்டி நின்றுவிடும். பூட்டைத் திறக்க இயலாவிட்டால் 06. மாற்றப்பட்ட ஆணைகளோ பூட்டில்லாத தட்டையும் ஏற்கும். இப்போது ஒருவர் பெரிய தட்டு ஒன்றைப் பூட்டாமல் பொருத்திப் பல மாதம் பயன்படுத்துகிறார். ஒருநாள் 05 தோன்றுகிறது. தட்டு கெட்டுவிட்டதா? இல்லை. புதுச் சில்லின் இணைப்பு தளர்ந்து, பொறி தன் மூல ஆணைகளுக்குத் திரும்பிவிட்டது. எண் சுட்டுவது தட்டை. பழுது இருப்பதோ சில்லில். பொறி தான் கண்டதைத்தான் சொல்கிறது. காரணத்தைக் கண்டறிவது நம் வேலை.

இந்த எண்ணுக்குக் கீழே, பழுது பார்க்கும் சேவையை நாடுமாறு பல மொழிகளில் திரையில் அறிவிப்பு வரும். எண்ணுக்குரிய பொருளோ அங்கே இல்லை. காய்ச்சலின் அளவைச் சொல்லி, நோயின் பெயரை மறைக்கும் மருத்துவரைப் போன்றது இது. பொருளை அறிந்து பட்டியலிட்டவர்கள் பெரும்பாலும் பொறியை வாங்கியவர்களே. இத்தகைய முயற்சிகளுக்கு வழிகாட்டிய நூல்களுள் இது முதன்மையானது என்பதில் ஐயமில்லை.

2003-இல் எழுதிய நூல் அறிந்திருக்க முடியாத பழுது ஒன்றையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். மின்சாரம் இல்லாதபோது கடிகாரம் சில மணி நேரம் ஓடுவதற்காக அட்டையில் 1 பாரட் அளவுள்ள மின்தேக்கி இருக்கிறது. 1.6 பதிப்புக்கு முந்தைய பொறிகளில் அது காலப்போக்கில் கசிந்து, அருகிலுள்ள செப்புத் தடங்களை அரித்துவிடுகிறது. பொத்தானைத் தொடாமலே பொறி இயங்குவதும், அழுத்தினாலும் இயங்காமலிருப்பதும் இதனால் நேரலாம். அதனைக் கழற்றி எடுத்து இடத்தைத் துடைத்துவிடுவதே வழி. நட்டம், நேரத்தை மறுபடி அமைக்க வேண்டியது மட்டுமே. பழைய பொறி எதனைத் திறந்தாலும் முதலில் இதனைப் பார்க்க வேண்டும்.

நூலின் வரலாறும் அறியத்தக்கது. முதலில் வெளியிட ஒப்புக்கொண்ட வைலி நிறுவனம், அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திற்கு அஞ்சிப் பின்வாங்கியது. பின்னர் நோ ஸ்டார்ச் பிரஸ் வெளியிட்டது. அச்சட்டத்தைப் பற்றி வழக்கறிஞர் லீ டியென் எழுதிய அத்தியாயம் ஒன்றும் நூலில் உண்டு. 2013-இல், வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே உயிர் நீத்த இளைஞர் ஆரன் ஸ்வார்ட்சின் நினைவாக, ஆசிரியரும் வெளியீட்டாரும் மின்னூலை இலவசமாக்கினர். மாற்றுச் சில்லுகள் விளையாட்டுகளைக் கள்ளப்படி எடுக்கவும் பயன்பட்டன என்பது உண்மை. அதனை ஏற்பதற்கில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கிய பொருளின் உள்ளே என்ன நடக்கிறது என்று அறிவதும், கெட்டால் தானே செப்பனிடுவதும் குற்றமாகக் கருதப்படலாகாது. பூட்டைத் திறக்கத் தெரிந்தவர் எல்லாரும் திருடர் அல்லர்.

நூலின் நடை எளிது; படங்கள் தெளிவு. பள்ளி இயற்பியலில் மின்சாரம் படித்தவர் முற்பகுதியைப் புரிந்துகொள்ளலாம். சங்கேதக் கணக்கு வரும் பக்கங்கள் கல்லூரி மாணவர்க்கும் சற்றுக் கடினமே. முதல் வாசிப்பில் அவற்றைத் தாண்டிச் செல்வதில் தவறில்லை. மின்வழங்கியைத் தொடுவோர் ஒன்றை மறவாதிருக்க வேண்டும்: செருகியைப் பிடுங்கிய பின்னும் அதன் பெரிய மின்தேக்கிகளில் உயிருக்குக் கேடான மின்னழுத்தம் சிறிது நேரம் தங்கியிருக்கும். பெரியவர் துணையின்றி மாணவர்கள் அதனைத் திறக்கலாகாது.

படிப்போர் பிற்சேர்க்கையிலிருந்து தொடங்குவது நல்லது. கையில் ஒரு மல்ட்டிமீட்டரும் குறிப்பேடும் இருக்கட்டும். ஒவ்வொரு சோதனைக்கும் முன்பு, என்ன நேரும் என்று எதிர்பார்க்கிறோம் என்பதை எழுதி வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்துக. வானொலிப் பெட்டியோ தையல் பொறியோ எது நின்றாலும் இதே முறை உதவும். இத்தகைய நூல் ஒன்று, நம் வீடுகளில் உள்ள பொறிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு, தமிழில் எழுதப்பட வேண்டும். பட்டறையில் நாள்தோறும் பழுது பார்ப்போரே அதனை எழுதத் தகுந்தவர்கள்.