வெளியேறும் வாசகர்: தமிழ் மின்னூலகத் தளங்களும் வெளியேறல் கணக்கின் வரம்பும்

இணையதளத்திற்கு வருவோர் எப்பக்கத்தில் விலகுகின்றனர் என்பதைக் கூகுள் அனலிட்டிக்ஸ் போன்ற கருவிகள் எண்ணாகத் தருகின்றன. ஏன் விலகினர் என்பதை அவை தருவதில்லை. வணிகத் தளத்தில் முன்னதிலிருந்து பின்னதை ஓரளவு ஊகிக்கலாம். பணம் செலுத்தும் பக்கத்தில் விலகியவர் பொருளை வாங்கவில்லை என்பதாவது உறுதி. நூலகத் தளத்தின் நிலை வேறு. தேடிய பாடல் கிடைத்தவரும் விலகுகிறார்; கிடைக்காதவரும் விலகுகிறார்.

1998இல் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் பல நூல்களை முழுமையாக ஒரே நெடும்பக்கத்தில் அளிக்கிறது. திருக்குறளின் 1330 குறள்களும் அவ்வாறே உள்ளன. இத்தகைய பக்கத்தில் 2023 ஜூலை வரை வழக்கிலிருந்த பழைய அனலிட்டிக்ஸ் முறையைப் பொருத்திப் பார்த்தால் அதன் குறை விளங்கும். ஒரு பக்கத்தை மட்டும் திறந்து, வேறு நிகழ்வு எதுவும் பதிவாகாமல் முடிந்த வருகையை அம்முறை 'பவுன்ஸ்' எனக் கொண்டது. அதன் கால அளவையும் சுழியமாகவே குறித்தது. ஒரு மணிநேரம் நூலில் தோய்ந்தவரும், தவறி வந்து உடனே மூடியவரும் அக்கணக்கில் ஒருவரே.

புதிய பதிப்பு 10 நொடிக்கு மேல் நீடிக்கும் வருகையை ஈடுபாடுள்ளதாக ஏற்கிறது. இது திருத்தமே எனினும், நூலகத் தளத்தில் புதிய முரணொன்றைத் தோற்றுவிக்கிறது. பொருள் நோக்கும் வாசகர் பெரும்பாலும் உலாவியின் தேடல் வசதியையே நாடுவார். 'தூண்' என்று தேடுபவருக்குப் புணர்ச்சி பிரிக்கப்படாத மூலத்திலுள்ள 'கற்றூண்' அகப்படாது. 'கல்' என்று தேடினும் அகப்படாது. அவர் பலவாறு முயன்று, அச்சொல் அந்நூலில் இல்லை என்ற முடிவோடு விலகுகிறார். சொல்லாட்சி ஆய்வில் இத்தகைய 'இன்மை' சான்றாகிவிடும் இடரும் உண்டு. கருவியோ அவரை ஈடுபாடுடையவராகப் பதிகிறது. எட்டு நொடியில் குறளைக் கண்டு சென்றவர்தான் 'பவுன்ஸ்' ஆகிறார்.

பக்கத்தின் எவ்விடத்தில் விலகினர் என்பதற்கும் இக்கருவி தரும் விடை போதாது. அதன் இயல்பான அமைப்பில், பக்கத்தின் 90 விழுக்காட்டைக் கடக்கும்போதே உருட்டல் பதிவாகிறது. அறத்துப்பாலில் நின்றவரும் பொருட்பாலில் நின்றவரும் அதற்குள் அடங்குவதில்லை. அதிகாரந்தோறும் தனி நிகழ்வு அமைத்தால் இக்குறை பெரிதும் நீங்கும்.

காரணத்தை அறியப் பிறிதொரு தரவு வேண்டும். தளம் தனக்கெனத் தேடுபெட்டி அமைத்து, விளைவு தராத தேடற்சொற்களைத் தொகுப்பின், புணர்ச்சியால் மறைந்தவை எவை, நூலில் உண்மையிலேயே இல்லாதவை எவை எனப் பிரித்தறியலாம். உலாவியின் தேடலில் வாசகர் இடும் சொல் தளத்தை எட்டுவதே இல்லை.

தேடுபொறியிலிருந்து நேரே பி.டி.எஃப். கோப்பைத் திறப்பவர் அனலிட்டிக்ஸ் கணக்கில் இடம்பெறுவதில்லை. கோப்பினுள் அதன் நிரல் இயங்காது. அவ்வருகை சேவையகப் பதிவேட்டில் மட்டும் எஞ்சுகிறது. அங்கும் கோப்பு கேட்கப்பட்ட நேரம் உண்டே தவிர, அதை மூடிய நேரம் இல்லை.