காற்பந்து வருணனையும் வினையெச்சமும்

வானொலியின் நேர்முக வருணனை இலக்கிய ஆராய்ச்சிக்கு உரிய பொருளாகுமோ என ஐயுறுவார் உளர். கண்டதனைக் காணாதார்க்குச் சொல்லாற் காட்டுதல் புலவர் தொழில் எனின், பந்தின் ஓட்டத்தைத் தொலைவில் இருப்பார்க்கு நொடிதோறும் காட்டுவாரும் அத்தொழிலில் ஒரு சிறு பங்கு உடையரே. உலகக் கோப்பைக் காற்பந்துப் போட்டி பற்றித் தமிழில் வருணனை கேட்கப்படும் இந்நாளில், அதற்கு ஏற்ற நடை யாது என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். கேட்போராக விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து மக்களை மனத்திற் கொள்கின்றோம். சென்னை வானொலியும், 1967இல் தொடங்கிய புதுச்சேரி வானொலியும் எட்டும் நிலம் அது. அதனைத் தேர்ந்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. அது பின்னர் விளங்கும்.

வருணனை இருவகைப்படும். காட்சிக்குத் துணையாவது ஒன்று. காட்சிக்கு ஈடாவது மற்றொன்று. 2022ஆம் ஆண்டு கத்தாரில் நடந்த உலகக் கோப்பையை ஜியோசினிமா இணையவழியே தமிழ் வருணனையுடனும் வழங்கிற்று. இது முதல் வகை. பந்து எங்குள்ளது என்பதைத் திரையே காட்டுதலின், வருணனையாளர் அதனைக் கூறாது விடினும் குற்றமின்று; வியத்தலும் நகைத்தலும் பழங்கதை கூறலும் அவர்க்குப் போதும். இரண்டாம் வகைக்கு அவ்வுரிமை இல்லை. 1927 சனவரி 22ஆம் நாள் இலண்டன் ஹைபரித் திடலில் ஆர்சனலும் செஃபீல்டு யுனைடெட்டும் ஆடிய ஆட்டத்தைப் பி.பி.சி. வானொலி ஒலிபரப்பியபோது, திடலை எட்டுக் கட்டங்களாக வகுத்து எண்ணிட்ட படம் அதன் வார இதழில் அச்சிடப்பெற்றது. ஒருவர் ஆட்டத்தை வருணிக்க, உடனிருந்தார் பந்துள்ள கட்டத்தின் எண்ணைக் கூறினார். கேட்போர் முதற்கண் வேண்டுவது ‘எங்கே’ என்னும் வினாவிற்கு விடையே என்பது இதனாற் பெறப்படும்.

இனி, தமிழ்மரபை நோக்குவாம். கலித்தொகையில் சோழன் நல்லுருத்திரன் பாடிய முல்லைக்கலியில், ஏறுதழுவும் களத்தைத் தலைவிக்குத் தோழி காட்டும் பகுதி நேர்முக வருணனையோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கது. காளையின் நிறம், அதன்மேற் பாய்ந்தவன் செயல், அவனுக்கு நேர்ந்தது என்னும் முறையில் அங்குச் செய்தி அடுக்கப்படுகின்றது. பொதுவனைக் குத்திக் குலைக்கும் காளைக்குப் பகைவன் நெஞ்சைப் பிளந்து வஞ்சினம் முடித்த வீமன் உவமையாகின்றான். தொல்காப்பியர் வகுத்த வினை, பயன், மெய், உரு என்னும் நான்கனுள் இது வினைபற்றிய உவமமாம். விரைந்து நிகழ்வதற்கு வினையுவமமே சிறந்தது என்பதைப் பழம்புலவர் உணர்ந்திருந்தனர். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. தலைவி களத்தருகே நிற்றலின், அவளை நோக்கிக் ‘காண்’ எனச் சுட்டுதல் இயலும். வானொலி கேட்பார்க்கு அச்சுட்டு உதவாது. சுட்டின் தொழிலையும் வினைச்சொல்லே ஏற்றல் வேண்டும்.

அவ்வினைச்சொல்லின் வடிவம் யாதாதல் வேண்டும் என்பதே எம் ஆராய்ச்சியின் மையம். தமிழ் வானொலி வருணனை பெரிதும் கிரிக்கெட் ஆட்டத்தால் வளர்ந்தது. அத்துறையிற் புகழ்பெற்றவருள் ஒருவர் 2020இல் மறைந்த சாத்தான்குளம் அப்துல் ஜப்பார். கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்துவீச்சும் தொடங்கி முடியும் தனி நிகழ்ச்சி. ஆகவே ‘வீசினார்’, ‘அடித்தார்’, ‘பிடித்தார்’ என முற்றுவினைகளால் அமையும் சிறு தொடர்கள் அதற்கு இயல்பாகப் பொருந்தும். காற்பந்தோ நிற்றலின்றி ஓடுவது. முற்றுவினையால் அதனைச் சொல்லின், ஓடும் பந்து தொடர்தோறும் நின்று நின்று செல்வதாகச் செவி மயங்கும். எச்சங்களால் தொடுத்துச் செல்லும் நடையே இங்கு வேண்டப்படுவது.

எச்சத்திலும் தெரிந்தெடுத்தல் வேண்டும். செய்து என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலையே முடிக்கும் வினைக்கும் வினைமுதலாகக் கொள்ளும்; செய என்னும் வாய்பாட்டு எச்சம் பிறவினைமுதலையும் ஏற்கும். இவ்விலக்கண வேறுபாடு காற்பந்தின் இரு கூறுகளை அப்படியே தாங்கி நிற்கின்றது. 1986 சூன் 22ஆம் நாள் மெக்சிகோவில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா புகுத்திய இரண்டாம் கோலை எண்ணுக. இருவர் நெருங்கவும் பந்தை மிதித்துத் திரும்பி, வலப்புறம் விரைந்து, எதிர்ப்பட்டாரைக் கடந்து, கோல்காவலரையும் விலக்கி வலைக்குள் செலுத்தினார். ஒருவன் செயலாதலின் செய்து என்னும் எச்சமே ஈற்றுவரை செல்லும். 2022 திசம்பர் 18ஆம் நாள் இறுதியாட்டத்தில், 81ஆம் நிமிடத்தில் எம்பாப்பே புகுத்திய கோல் வேறு வகையது. மெஸ்ஸியிடமிருந்து கோமான் பந்தைப் பறிக்க, ரபியோ முன்னே தூக்கித் தர, எம்பாப்பே தலையால் முட்ட, துராம் திருப்பி அளிக்க, நிலந்தொடுமுன் எம்பாப்பே இடப்புறமிருந்து உதைத்துப் புகுத்தினார். கால் மாறுந்தோறும் வினைமுதல் மாறுதலின் செய என்னும் எச்சம் இன்றியமையாதது. இவ்விரண்டினையும் அறிந்து ஆள்பவர், ‘இவர் அவரிடம் தந்தார்’ எனத் தனித்தனியே விளக்காமலே பந்தின் கைமாற்றத்தை உணர்த்துவர்.

மரடோனாவின் அக்கோலை ஸ்பானிய மொழியில் வருணித்த விக்தோர் ஊகோ மொராலெஸ், அவரை விண்ணகக் காற்றாடி எனப் போற்றியது உலகறிந்தது. பலர் அப்போற்றுதலையே பின்பற்ற விழைவர். ஆனால் நெருங்கியவர் இருவர், பந்து மிதிக்கப்பட்டது, ஓட்டம் வலப்புறம் என்னும் செய்திகளை முன்னரே தந்த பின்னரே அவர் காற்றாடியைப் பறக்கவிட்டார் என்பதை மறத்தலாகாது. செய்திக்கு முன் வரும் வியப்பு வெற்றோசை. பின் வரும் வியப்பே சுவை.

‘கோல் அடித்தார்’ என்பது தமிழக வழக்கு. ‘கோல் புகுத்தினார்’ என்பது மலேசிய இதழ்களின் வழக்கு. முன்னது உதைத்த காலைக் காட்டும். பின்னது பந்து சென்றடைந்த இடத்தையும் காட்டும். காணாதார்க்குப் பின்னதே பயன்மிக்கது. அதனை நாமும் மேற்கொள்ளலாம்.

இனி, விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் கூறுவாம். செஞ்சியைச் சூழ்ந்த இந்நிலம் திரௌபதி வழிபாட்டிற்கும் பாரதக் கூத்திற்கும் பெயர்பெற்றது. விழா நாட்களிற் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. அபிமன்யு வீழ்ந்ததும் கன்னன் தேர் அழுந்தியதும் பகலிற் செவிக்கும் இரவிற் கண்ணுக்கும் விருந்தாகின்றன. செவி முதலிற் கண்டதையே கண் பின்னர்க் காண்கின்றது. ஆதலின் சொல்லால் மட்டும் போர்க்களம் காணும் பயிற்சி இம்மக்கட்குப் புதிதன்று. வருணனையாளர் இவர்தம் செவியைக் குறைத்து மதிப்பிட்டு ஆரவாரத்தை நிரப்புவாராயின், குறை கேட்போருடையது ஆகாது.

திரைகள் பெருகியபின் இக்கலை எற்றுக்கு என வினவலாம். பார்வையற்றோர்க்குத் திரை உதவாது. நெடுஞ்சாலையில் இரவெல்லாம் ஊர்தி செலுத்துவோரும் காவற்பணி புரிவோரும் தம் கண்ணை வேறு தொழிலுக்கு ஒப்படைத்தவர். உலகக் கோப்பை வேற்றுக் கண்டத்தில் நிகழும்போது நம் நள்ளிரவில் விழித்திருப்போருள் இவர் தொகை சிறிதன்று. திரைக்குத் துணையாகும் வருணனையே தமிழில் நிலைபெறுமாயின், இவர்க்கு ஆரவாரம் கேட்கும், ஆட்டம் கேளாது. வருணனைக்கு ஆளைத் தேர்வோர் குரல்வளமும் ஆட்ட அறிவும் நோக்குவதோடு அமையாமல், கண்ணை மூடிக் கேட்டுப் பந்து இருக்குமிடம் விளங்குகின்றதா எனவும் தேர்ந்தறிதல் வேண்டும். செய்து, செய என்னும் ஈரெச்சங்களையும் இடமறிந்து ஆளும் ஒருவர், திண்டிவனத்துச் சாலையில் ஊர்தி செலுத்துவாரையும் கத்தார்த் திடலின் ஓரத்தில் நிறுத்துவார் என்பது எம் துணிபு.