சோழன் பெயரில் ஒரு ஓட்டல்: எண்ணாயிரத்து நாழிக் கணக்கும் மார்ட்டினி கிளாஸ் ரசமும்

ஆய்வுக் குறிப்புகள் எழுதுற இடத்துல ஓட்டல் விமர்சனமா என்று சிலர் கேட்கலாம். மேல்மலையனூரில் உட்கார்ந்துகொண்டு சென்னை ஐந்து நட்சத்திர ஓட்டலைப் பற்றி எழுத இவனுக்கு என்ன இருக்கு என்றும் கேட்கலாம். எனக்கு இருக்கும் ஒரே உரிமை இதுதான்: அந்த ஓட்டல் சோழன் பெயரை வைத்திருக்கிறது. சோழர் காலத்துச் சாப்பாட்டுக் கணக்கு ஒன்று எங்க மாவட்டத்துக் கோயில் சுவரில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் என்ன கிடைக்கும் என்று பார்க்கலாம்.

முதலில் கொஞ்சம் பின்கதை. சென்னையில் சொகுசு விடுதியும் சொகுசுக் கடையும் தொடக்கத்திலேயே ஒரே கைக்கு வந்துவிட்டவை. மவுன்ட் ரோடில் இருக்கும் கன்னிமாரா ஓட்டலுக்கு 1886 முதல் 1890 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த கன்னிமாரா பிரபுவின் பெயர். 1891ல் அதை வாங்கியவர் பக்கத்திலேயே இருந்த ஸ்பென்சர் நிறுவனத்தின் யூஜின் ஓக்‌ஷாட். வெள்ளைக்காரர் வந்து இறங்க ஒரு இடம், சாப்பிட ஒரு மேசை, சாமான் வாங்க ஒரு கடை, எல்லாம் ஒரே வளாகத்தில். இன்று எக்ஸ்பிரஸ் அவென்யூவிலும் வேளச்சேரி ஃபீனிக்ஸிலும் நாம் பார்ப்பது அதே ஏற்பாட்டின் பெரிய வடிவம்தான். அந்தக் காலத்து மேசையில் நம்ம ஊர் சாப்பாட்டில் இருந்து ஏறியவற்றில் ஒன்று மிளகுத்தண்ணி. அதையும் இங்கிலீஷ்காரர்கள் இறைச்சி போட்டு, கெட்டியாக்கி, 'முல்லிகடானி' என்ற பெயரில் சூப்பாக ஆக்கிக்கொண்டார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இரண்டாவது கட்டம் 1975. கல்கத்தாவில் 1910ல் இம்பீரியல் டொபாக்கோ என்று தொடங்கிய சிகரெட் கம்பெனி (இன்றைய ஐடிசி) ஓட்டல் தொழிலுக்குள் நுழைந்தது சென்னையில்தான். இங்கே ஒரு ஓட்டலை வாங்கி அதற்கு 'சோழா' என்று பெயர் வைத்தார்கள். கதீட்ரல் ரோடு சோழா ஷெராட்டன் என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். பெயர் சோழன், ஆனால் அங்கே பேர் போன சாப்பாடு பெஷாவரியின் தந்தூர் சாப்பாடு. 1970களில் ஒரு சென்னை ஓட்டலுக்கு 'உயர்தரம்' என்றால் வடமேற்கு எல்லைப்புறச் சமையல் அல்லது சைனீஸ். தென்னிந்தியச் சாப்பாட்டுக்கென்று ஒரு உயர்தர அறையை அதே குழுமம் திறக்க 1989 ஆனது. அதுதான் பார்க் ஷெராட்டனில் வந்த தக்ஷிண். சோழன் பெயர் வந்து 14 வருஷம் கழித்துத்தான் சோழநாட்டுச் சாப்பாட்டுக்கு அந்தக் குழுமத்தில் ஒரு மேசை கிடைத்தது.

மூன்றாவது கட்டம் 2012. கிண்டியில் ஐடிசி கிராண்ட் சோழா, 600 அறைகள். தூண்கள், அகலமான படிக்கட்டுகள், யானையும் குதிரையும், கோயில் கட்டடக் கலையை நினைவூட்டும் வேலைப்பாடுகள். தூணே இல்லாத பெரிய விழாக் கூடத்துக்கு 'ராஜேந்திரா' என்று பெயர். 2017ல் இதற்குள் 'ஆவர்த்தனா' என்ற உணவகம் வந்தது. தென்னிந்தியச் சாப்பாட்டைப் புது முறையில் தட்டுத் தட்டாகப் பரிமாறுவது அதன் வேலை. 7, 9, 11, 13 என்று வரிசைகள். அவற்றுக்கு மாயா, பேலா, ஜியா, அனிகா என்று பெயர்கள்.

ஒரு நண்பர் தயவில் ஒருமுறை அங்கே சாப்பிட்டிருக்கிறேன். குறை சொல்வதற்கு முன் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். பலரும் எழுதிய அந்தத் தக்காளி ரசம் நன்றாகவே இருந்தது. தெளிவாக வடித்து, கொத்துமல்லி வாசத்தோடு, மார்ட்டினி கிளாஸில் ஊற்றித் தருகிறார்கள். கண்ணை மூடிக் குடித்தால் ரசம்தான். சமைத்தவருக்குக் கை சுத்தம் இருக்கிறது. "ஐயோ ரசத்தை கிளாஸ்ல தர்றாங்களே" என்று புலம்புவது என் நோக்கம் இல்லை. எங்க வீட்டிலும் காய்ச்சல் வந்தால் டம்ளரில்தான் தருவார்கள்.

என் கேள்வி வேறு. ஆவர்த்தனம் என்றால் தாளத்தின் ஒரு முழுச் சுற்று. எத்தனை சங்கதி போட்டாலும் பாட்டு திரும்பி அந்த எடுப்புக்கு வந்து சேரணும். நம்ம இலையிலும் அப்படி ஒரு சுற்று இருக்கிறது: சோறு, குழம்பு; சோறு, ரசம்; சோறு, மோர். திரும்பித் திரும்பி வருவது சோறு. ரசத்துக்கு அர்த்தம் கொடுப்பது அதன் ருசி மட்டும் இல்லை, அது நிற்கும் இடமும்தான். குழம்பின் கனத்தை இறக்கி வயிற்றை மோருக்குத் தயார் பண்ணுவது அதன் வேலை. அந்த இடத்தில் இருந்து கழற்றி, சோறு இல்லாமல், சாப்பாட்டின் ஆரம்பத்திலேயே வைத்தால் அது சூப் ஆகிவிடுகிறது. முல்லிகடானி ஆன கதைதான் மறுபடியும். அன்று இங்கிலீஷ்காரன் தன் மேசை ஒழுங்குக்கு மிளகுத்தண்ணியை மாற்றிக்கொண்டான். இன்று நாமே, நம்ம பெயரில், அதே மேசை ஒழுங்குக்கு ரசத்தை மாற்றுகிறோம். செய்முறை புதுசு; சாப்பாட்டின் இலக்கணம் மட்டும் ஐரோப்பாவுடையது. 'ஆவர்த்தனா' என்று பெயர் வைத்த ஒரு இடம் சுற்றையே விட்டுவிட்டதுதான் என் முதல் விமர்சனம்.

இரண்டாவது விமர்சனம் 'ராஜேந்திரா' என்ற பெயரைப் பற்றி.

எங்க மாவட்டத்திலேயே, விக்கிரவாண்டிப் பக்கம், எண்ணாயிரம் என்று ஒரு ஊர். அங்கே அழகிய நரசிம்மப் பெருமாள் கோயிலில் முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 1917ல் கல்வெட்டுத் துறையினர் படியெடுத்தது. ஒரு கல்லூரிக்குச் செய்த ஏற்பாடு அது: 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள், 45 வேலி நிலம். மாணவர்களில் 270 பேர் வேதமும் ஆரம்ப இலக்கணமும் படிக்கும் இளையவர்கள். 70 பேர் வியாகரணம், மீமாம்சை, வேதாந்தம் படிக்கும் மூத்தவர்கள். இளையவனுக்கு நாள் ஒன்றுக்கு 6 நாழி நெல், மூத்தவனுக்கு 1 குறுணி 2 நாழி. குறுணிக்கு 8 நாழி என்று வைத்துப் பெருக்கிப் பார்த்தேன். மாணவர்களுக்கு மட்டும் நாளைக்கு 2,320 நாழி, அதாவது 24 கலம் 2 குறுணி. ராஜேந்திரனின் 'பெருமை' எண்ணாயிரத்தில் இப்படித்தான் இருக்கிறது: எந்த நிலத்தில் இருந்து, யாருக்கு, எத்தனை நாழி.

கிண்டியில் ராஜேந்திரன் தூணாகவும் படிக்கட்டாகவும் வந்திருக்கிறான், நாழியாக வரவில்லை. சோழன் என்றால் பிரமாண்டம் என்று மட்டும் எடுத்துக்கொண்டு, சோழக் கல்வெட்டுகளில் பக்கம் பக்கமாக இருக்கும் அளவுக் கணக்கை விட்டுவிட்டார்கள்.

இதோடு நிறுத்தினால் கட்டுரைக்குக் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அது நேர்மையாக இருக்காது. எண்ணாயிரத்தில் அந்த 340 பேர் யார்? பிரம்மதேய ஊரின் பிராமண மாணவர்கள். அந்த 45 வேலியை உழுதவன் பிள்ளைக்கு அதில் ஒரு நாழியும் கிடையாது. கிண்டியில் உள்ளே வர பில் கட்ட வேண்டும். எண்ணாயிரத்தில் உள்ளே வரப் பிறந்திருக்க வேண்டும். அந்த வகையில் பார்த்தால் ஓட்டல்காரர்கள் சோழன் பெயரைத் தப்பாகவும் வைத்துவிடவில்லை. யாரை வெளியே நிறுத்துவது என்பதில் ஒரு தொடர்ச்சி இருக்கத்தான் செய்கிறது. என்ன, காசு இருந்தால் எந்தச் சாதிக்காரனும் கிண்டியில் உட்காரலாம். அது ஆயிரம் வருஷத்தில் நடந்த மாற்றம். சின்ன மாற்றம் இல்லை.

இப்போது எங்க ஊர். மாசி மாதம் சிவராத்திரிக்கு அப்புறம் வரும் அமாவாசையில் இங்கே மயானக்கொள்ளை. சுற்றுவட்டாரத்து விவசாயிகள் தங்கள் நிலத்தில் விளைந்த தானியம், காய்கறி, பழம், கொழுக்கட்டை, சுண்டல் எல்லாம் கொண்டுவந்து மயானத்தில் அங்காளம்மனுக்குச் சூறை விடுவார்கள். விழுவதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுத்ததை வீட்டுக்கும் வயலுக்கும் கொண்டுபோவார்கள். அங்கே மெனு கிடையாது, பில் கிடையாது, யார் மகன் என்ற கேள்வி கிடையாது. ஒரு நாளைக்கு மட்டும், அள்ள அள்ள இருக்கிற சொகுசு. ஆனால் இதையும் தலையில் தூக்கிவைத்து ஆட மாட்டேன். ஆடிக் கூழுக்கு ஊர்ப் பானை ஒன்று, காலனிப் பானை ஒன்று என்று வைத்த கிராமங்களை நான் பார்த்திருக்கிறேன். சூறையில் இல்லாத கோடு மறுநாள் டீக்கடையில் இருந்த காலமும் உண்டு.

கூழ் என்றதும் இன்னொன்று. என் சித்தப்பா மகன் சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டல் சமையல்கட்டில் வேலை செய்கிறான். எந்த ஓட்டல் என்பது வேண்டாம். போன பொங்கலுக்கு வந்தபோது சொன்னான்:

"ணா, நம்ம ஆயா கிண்டுமே கேவுரு களி, அத உருட்டி மூணு உருண்ட வெச்சு, பக்கத்துல கீர கடஞ்சத ஒரு கோடு இழுத்து வெக்கிறோம். கார்டுல 'ஏன்ஷியன்ட் கிரெயின்'னு போட்டிருக்கு."

"ஸ்டாஃப் கேன்டீன்ல என்னடா சாப்பாடு?"

"சோறுதாண்ணா. சாம்பார், பொரியல். களி யாரு கேக்கப் போறா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் நான் ரொம்ப நேரம் யோசித்தேன். எங்க ஆயா காலத்தில் நெல்லுச்சோறு என்பது பண்டிகை. மற்ற நாளெல்லாம் கேழ்வரகு, கம்பு. ஊரில் யார் வசதி என்று கேட்டால் 'தினமும் நெல்லுச்சோறு திங்கிற வீடு' என்று காட்டுவார்கள். அப்போது சொகுசு அரிசியில் இருந்தது. அப்புறம் பாசனம் வந்தது, நெல்லும் மல்லாட்டையும் கரும்பும் நிலத்தைப் பிடித்தன, ரேஷனில் அரிசி வந்தது, 2011ல் அந்த அரிசி இலவசமும் ஆனது. எல்லார் வீட்டிலும் சோறு வந்த பிறகு, வசதியைக் காட்ட அரிசியால் முடியாது. அப்போதுதான் சிறுதானியம் மேலே ஏறத் தொடங்கியது. 2023ஐ ஐநா சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே வருஷம் செப்டம்பரில் டெல்லி ஜி20 தலைவர்கள் விருந்தில் தினையும் சாமையும் குதிரைவாலியும் பரிமாறப்பட்டன.

இதில் தானியத்தின் குணம் மாறவே இல்லை. மாறியது, அதை வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலை யாருக்கு இருக்கிறது என்பது. எங்க ஆயாவுக்குக் களியை விட்டால் வேறு இல்லை, அதனால் அது ஏழ்மை. அந்த மேசையில் உட்காருபவருக்கு வேறு பத்து இருக்கிறது, அதனால் அது சொகுசு. சித்தப்பா மகன் மாதிரிப் பையன்களுக்குக் கேன்டீனில் களி வேண்டாம் என்று தோன்றுவதை நான் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு அது இன்னும் அந்தப் பழைய வறுமையின் வாசம்.

நம்ம உணவு விமர்சனம் பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, 'ஆஹா, நம்ம பாரம்பரியம் ஐந்து நட்சத்திரத்துக்குப் போயிடுச்சு' என்ற பெருமை. இன்னொன்று, 'இத்துணூண்டு தட்டுக்கு இவ்வளவு காசா' என்ற கிண்டல். இரண்டுமே அந்த ஓட்டல் போட்ட கணக்குக்குள் நின்றே பேசுகின்றன. கேட்க வேண்டியது வேறு: பெயரை எங்கிருந்து எடுத்தார்கள், அந்த இடத்தில் இருந்து எதை விட்டுவிட்டு வந்தார்கள், சமைக்கிறவன் எந்த ஊர்க்காரன், அவன் என்ன சாப்பிடுகிறான். இது ஐடிசிக்கு மட்டுமான கேள்வி இல்லை. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை, மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற தொகுப்பில் ஒன்றாக, யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நாளைக்கு 'ராஜகிரி' என்றோ 'கல்யாண மகால்' என்றோ இங்கேயும் ஒரு ரிசார்ட் வரலாம். வரட்டும், எங்க பையன்களுக்கு ஊரிலேயே வேலை கிடைத்தால் நல்லதுதான். அன்றைக்கும் இதே கேள்விகளைக் கேட்பேன்.

அதுவரைக்கும், கிராண்ட் சோழாவில் தங்க வசதி இருக்கிறவர்கள் ஒரு நாள் காரை எடுத்துக்கொண்டு எண்ணாயிரம் வரை வாருங்கள். அழகிய நரசிம்மர் கோயில் கல்வெட்டைப் பாருங்கள். படிக்க வராவிட்டாலும் பரவாயில்லை. பக்கத்தில் வயலில் நெல் இருக்கும். திரும்பும்போது வழியில் எந்த மெஸ்ஸிலாவது இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ரசம் இரண்டாவது சோற்றுக்கு வரும்.