தவில் வைக்கும் பரீட்சை

வீட்டில் உள்ள சிடிகளைக் கணினியில் ஏற்றும்போது எந்த ஃபார்மட்டில் ஏற்றுவது என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். நல்ல தவில் வாசிப்பு உள்ள ஒரு நாகஸ்வரக் கச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு முறை 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆகவும், இன்னொரு முறை ஃப்ளாக் ஆகவும் மாற்றுங்கள். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு தனி ஆவர்த்தனத்தை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள். அதற்குப் பிறகு யாரும் உங்களுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்காது.

தவிலின் வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள் விழுகின்றன, இடந்தலையில் கழி விழுகிறது. இரண்டிலும் ஓசை மெல்ல எழும்பி வருவதில்லை. அமைதியிலிருந்து ஒரே கணத்தில் உச்சத்துக்குப் போய்விடும். எம்பி3-யோ ஒலியை 576 சாம்பிள்கள் கொண்ட துண்டுகளாக, அதாவது ஏறத்தாழ 13 மில்லிவிநாடித் துண்டுகளாக எடுத்து அலசுகிறது. துண்டின் நடுவில் ஓர் அடி விழுந்தால், சுருக்கும்போது உண்டாகும் பிசிறு துண்டு முழுவதும் பரவிவிடும். அடி விழுவதற்கு முன்பே அதன் நிழல் ‘உஸ்’ என்று கேட்கும். பொறியாளர்கள் இதை முன்னெதிரொலி என்கிறார்கள். இதைச் சமாளிக்கத்தான் 192 சாம்பிள் கொண்ட குட்டித் துண்டுகளுக்கு மாறிக்கொள்ளும் வசதியை எம்பி3-க்குள் வைத்தார்கள். பிட்டுகளே போதாத இடத்தில் அந்த வசதியும் கைகொடுப்பதில்லை. கோர்வை நெருங்க நெருங்கச் சொற்கள் மேலும் மேலும் நெருக்கமாக விழும் அந்தக் கடைசிக் கட்டத்தில், ஒவ்வொரு சொல்லின் முனையும் மழுங்குகிறது. தகதிமி நான்கு தனிச் சொற்களாக நிற்காமல் ஒட்டிக்கொண்டு வருகிறது. பக்கத்தில் தட்டும் தாளத்தின் நிலை இன்னும் மோசம். 128-இல் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதைப் பெரும்பாலும் வெட்டிவிடுவார்கள். மிஞ்சிய உலோக ஓசை, கிணற்றுத் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் நெளியும்.

எம்பி3-ஐ நான் மட்டமாகப் பேசுவதாக நினைக்க வேண்டாம். மனிதக் காது எதைக் கேட்காமல் விடுகிறது என்பதை மிக நுட்பமாகக் கணக்கில் எடுத்த வேலை அது. பெரிய ஓசை ஒன்று ஒலிக்கும்போது அதன் அருகில் உள்ள சிறிய ஓசை நம் காதில் விழாது. விழாததை எதற்காகச் சேமிக்க வேண்டும்? இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்கும் அவர் கூட்டாளிகளும் வேலையைத் தொடங்கினார்கள். வாத்தியமே இல்லாமல் சூசன் வேகா பாடிய ‘டாம்ஸ் டைனர்’ பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, அந்தக் குரல் கெடாமல் வரும் வரைக்கும் திருத்தினார் பிராண்டன்பர்க். தாள வாத்தியத்துக்கு ஸ்பெயின் நாட்டுக் காஸ்டனெட்டை வைத்துச் சோதித்தார்கள். அங்கே ஒரு தவில் செட் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தோன்றாத நாளில்லை.

நம் பக்கத்துக்கு எம்பி3 வந்து சேர்ந்தது பேருந்து நிலையம் வழியாக. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் கடைக்குக் கடை தொங்கிய ‘எம்பி3 சிடி’களை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே தட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள். பிறகு செல்போன் கடையில் மெமரி கார்டைக் கொடுத்தால் பாட்டு ஏற்றித் தந்தார்கள். கேசட் வாங்க முடியாத வீடுகளுக்குக்கூட இளையராஜாவின் மொத்த உலகமும் போய்ச் சேர்ந்தது இந்த வழியில்தான். அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கான ஃபார்மட் வேறு, வீட்டில் காலத்துக்கும் வைத்துக்கொள்வதற்கான ஃபார்மட் வேறு.

அந்தக் கடைகளால் இன்றைக்கும் ஒரு தொல்லை உண்டு. எம்பி3-யை விரித்து ‘ஆடியோ சிடி’யாக எழுதி விற்ற தட்டுகள் பல வீடுகளில் அசல் சிடிகளோடு கலந்து கிடக்கின்றன. இவற்றை எவ்வளவு உயர்ந்த ஃபார்மட்டில் ஏற்றினாலும் போனது திரும்பி வராது. அடையாளம் காண்பது எளிது. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் பாட்டைத் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் பாருங்கள். அசல் சிடியில் வண்ணம் மேலே போகப்போகப் படிப்படியாக மங்கும். எம்பி3-யிலிருந்து வந்ததில் 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் நறுக்கியதுபோல் நேர்கோடு தெரியும், அதற்கு மேலே வெறும் கறுப்பு. (பழைய ஒலிநாடாக்களிலிருந்து எடுத்த அசல் சிடிகளிலும் மேல் ஸ்தாயி குறைவாக இருக்கும். ஆனால் அங்கே கோடு நேராக இருக்காது.)

இனி ஃப்ளாக். ஜாஷ் கோல்சன் என்பவர் 2001-இல் முழு வடிவில் வெளியிட்டு, யாரும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்ட ஃபார்மட் இது. சிடியில் விநாடிக்கு 44,100 சாம்பிள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். ஒரு மணி நேரக் கச்சேரி 635 எம்பி. அதை ஃப்ளாக் ஏறத்தாழ பாதி அளவுக்குச் சுருக்கும். திரும்ப விரித்தால் ஒரு பிட் மாறாமல் அதே ஒலி கிடைக்கும்.

இதை எப்படிச் செய்கிறது என்பதில்தான் எனக்குச் சொல்லி மாளாத வியப்பு. முந்தைய சாம்பிள்களைப் பார்த்து அடுத்தது என்னவாக இருக்கும் என்று ஃப்ளாக் ஊகிக்கிறது. ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதி வைக்கிறது. ஊகம் சரியாக அமையும் இடத்தில் எழுத வேண்டியது கொஞ்சம், தவறும் இடத்தில் நிறைய. கச்சேரியோடு வைத்துப் பாருங்கள். சுருதியும் அதன் மேல் நிதானமாகப் படரும் ஆலாபனையும் ஃப்ளாக்குக்குப் பிடிபடுகின்றன, கோப்பு சிறுக்கிறது. தவில் தனியில் அடுத்த அடி எங்கே எப்படி விழும் என்று எந்தக் கணக்கும் முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை, கோப்பு பெருக்கிறது. ஒரு சிடியை ஏற்றி முடித்ததும் ஒவ்வொரு டிராக்கின் பிட் விகிதத்தையும் வரிசையாகப் பார்ப்பது என் வழக்கம். கச்சேரி எங்கே அமைதியாக நடந்தது, எங்கே சூடு பிடித்தது என்பது கேட்பதற்கு முன்பே அந்த எண்களில் தெரியும்.

இன்னொரு நேர்த்தியும் அதில் உண்டு. இடது, வலது சேனல்களில் ஒரே ஒலி இருந்தால் ஃப்ளாக் அதைக் கண்டுகொண்டு ஒரு முறைதான் எழுதும். மோனோ காலத்துப் படப்பாடல்களைச் சிடியில் போடும்போது ஒரே ஒலியை இரண்டு சேனலிலும் வைப்பார்கள். அத்தகைய டிராக் ஃப்ளாக்கில் வியக்கத்தக்க அளவுக்குச் சிறுத்துவிடும். விழுப்புரத்தில் பிறந்த சிவாஜி கணேசன் ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் சிக்கல் சண்முகசுந்தரமாக நாகஸ்வரம் ஏந்தினார். வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அந்தக் காலப் பாடல்களை நீங்கள் ஏற்றும்போது கோப்பு சிறியதாக வந்தால் ஏதோ விட்டுப்போயிற்று என்று பதற வேண்டாம். அது உண்மையான மோனோ. கோப்பு எதிர்பாராமல் பெருத்திருந்தால்தான் பிற்காலத்தில் யாரோ செயற்கை ஸ்டீரியோ பூசியிருக்கிறார்களா என்று சந்தேகப்பட வேண்டும்.

கர்நாடக இசைக்காரர்களுக்கு ஃப்ளாக் வேண்டும் என்பதற்கு ஒலித்தரத்தைவிட அழுத்தமான காரணம் ஒன்று எனக்கு உண்டு. கச்சேரிச் சிடிகளில் ஆலாபனை ஒரு டிராக், கிருதி ஒரு டிராக், தனி ஒரு டிராக் என்று பிரித்திருப்பார்கள். தம்பூரா மட்டும் பிரியாமல் ஓடிக்கொண்டிருக்கும். எம்பி3 ஒலியை 1152 சாம்பிள் கொண்ட சட்டங்களில்தான் அடைக்கும். தொடக்கத்திலும் முடிவிலும் வெற்று ஒலி ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு ஒட்டியது என்பதை லேம் போன்ற நல்ல மென்பொருள் கோப்பின் தலைப்பிலேயே குறித்து வைக்கும். ஆனால் கார் ஸ்டீரியோ பலவும் அந்தக் குறிப்பைப் படிப்பதே இல்லை. தோடி ஆலாபனை முடிந்து பல்லவி எடுக்கும் அந்த நூலிழை நேரத்தில் சுருதி ஒரு கணம் அறுந்து மீண்டும் ஒட்டும். எனக்கு அது தாங்காது. ஃப்ளாக்கில் சாம்பிள் கணக்கு பிசகுவதில்லை. ஒழுங்கான பிளேயரில் சுருதி அறுபடாது.

வேவ் கோப்பிலும் ஒலி இதேதான். இடம் இரு மடங்கு, ராகம் தாளம் எழுதி வைக்க ஒழுங்கான வசதி இல்லை, கோப்பு கெட்டால் தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஃப்ளாக் தனக்குள்ளேயே மூல ஒலியின் எம்டி5 கணக்கை வைத்திருப்பதால், பத்து வருடம் கழித்தும் கோப்பு சிதையாமல் இருக்கிறதா என்று சோதித்துவிடலாம். வேவ் வேண்டாம் என்பதே என் முடிவு. வீடு முழுக்க ஆப்பிள் கருவிகள் என்றால் ஆப்பிளின் ஏலாக் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் இழப்பில்லாததுதான். அதிலிருந்து ஃப்ளாக்குக்கும் ஃப்ளாக்கிலிருந்து அதற்கும் எத்தனை முறை மாற்றினாலும் ஒலி குறையாது.

ஃபார்மட்டைவிடச் சிடியைப் பிழையில்லாமல் படிப்பது முக்கியம். சிடி பிளேயர் கீறலைத் தாண்ட முடியாவிட்டால் அக்கம்பக்கத்து ஒலியை வைத்து நிரப்பிவிடும், கேட்பவருக்குத் தெரியாது. ஏற்றும்போது அப்படி நிரப்பிய ஒலியையே காலத்துக்கும் சேமித்துவிடக் கூடாது. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருள் சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, தேறாவிட்டால் எந்த நிமிடத்தில் பிழை என்று எழுதிக் காட்டும். உலகின் பிற இடங்களில் அதே சிடியை ஏற்றியவர்களின் கணக்கோடு ஒப்பிடும் அக்யுரேட்ரிப் வசதியும் அதில் இருக்கிறது. நாகஸ்வரச் சிடிகள் பலவற்றுக்கு அங்கே பதிவே இருக்காது. அப்போது இரண்டு வெவ்வேறு டிரைவ்களில் ஏற்றி, இரண்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். அச்சிட்ட மேல்பக்கத்தில் கீறல் படாமல் காப்பது அடிப்பக்கத்தைக் காப்பதைவிட முக்கியம். அலுமினியப் படலம் மேல்பக்கத்தில் மெல்லிய வார்னிஷுக்கு அடியில்தான் இருக்கிறது.

கேட்பதற்கு இப்படி எல்லாம் தேவையில்லை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அந்த நெடுஞ்சாலையில் லாரிச் சத்தத்துக்கு நடுவே ஃப்ளாக்குக்கும் நல்ல எம்பி3-க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பேன் என்று நான் சொல்ல மாட்டேன். புளூடூத்தில் கேட்டால் போனே ஒலியை இன்னொரு முறை சுருக்கித்தான் அனுப்புகிறது. காருக்கும் போனுக்கும் ஃப்ளாக்கிலிருந்து 256 கேபிபிஎஸ் ஏஏசி, அல்லது லேம் எம்பி3-இன் ‘வி0’ தரம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தரத்தில் தவிலும் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது. ஓபஸ் என்ற ஃபார்மட் இவற்றையெல்லாம்விடக் கெட்டிக்காரன். வாட்ஸ்அப் குரல் செய்தி வருவது அதில்தான். ஆனால் பழைய கார் ஸ்டீரியோக்களுக்கு அதன் பெயரே தெரியாது. நாளைக்கு இதைவிட நல்ல ஃபார்மட் வந்தாலும் ஃப்ளாக்கிலிருந்து மீண்டும் எடுக்கலாம், எம்பி3 மட்டும் கையில் இருந்தால் எடுக்க முடியாது.

சேமிப்பைப் பற்றி இந்தப் பகுதிக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டம் முழுவதும் தண்ணீர். ஒரு பிரதி திண்டிவனம் வீட்டில், மற்றொன்று விழுப்புரத்து உறவினர் வீட்டில் என்று வைத்திருந்தவர்களுக்கு அன்று இரண்டு ஊரும் ஒரே மழையில்தான் இருந்தன. இரண்டாவது ஹார்ட் டிஸ்க் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருக்கட்டும். 300 சிடி இருந்தாலும் ஃப்ளாக்கில் ஏறத்தாழ 100 ஜிபிதான். கிளவுடில் வைத்தாலும் பெரிய செலவில்லை.

வெள்ளத்தில் நனைந்த சிடியைக் கழுவித் துடைத்தால் பெரும்பாலும் பாடும். அதன் உறைத்தாள் பிழைக்காது. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் எழுத்தோடு உரிந்து வரும். நாகஸ்வரம் வாசித்தவர் பெயர் அட்டையில் பெரிதாக இருக்கும். தவில் யார், தாளம் போட்டது யார், எந்த ஆண்டு எந்த ஊரில் பதிவானது என்பதெல்லாம் அந்த உள்தாளில் சின்ன எழுத்தில் மட்டுமே இருக்கும். இணையத் தரவுத்தளங்களில் தேடினால் தோடி நாலு விதமான ஆங்கில எழுத்தில் வரும், தவில்காரர் பெயர் வரவே வராது. அதனால் ராகம், தாளம், இயற்றியவர், பக்கவாத்தியம் எல்லாவற்றையும் ஃப்ளாக் கோப்புக்குள்ளேயே யூனிகோட் தமிழில் எழுதுங்கள். கார் ஸ்டீரியோவில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், காருக்கான பிரதிக்கு மட்டும் பெயரை மாற்றிக்கொள்ளலாம். உறைத்தாளின் எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து அதே ஃபோல்டரில் போடுங்கள். அதைச் செய்து முடிக்கும் வரை அந்தச் சிடியைப் பரணில் ஏற்ற வேண்டாம்.